மூச்சு விடும் இடம்

மன்னவனூர் ஜோதிமணி பாட்டுக் கூட்டத்தில் சேர்ந்த கதையை அவள் புருஷன் நல்லசாமியிடம் கேட்டால், இன்றைக்கும் அவர் கயிற்றிலிருந்துதான் தொடங்குவார். "கொயருக்குப் போறேன்" என்று அவள் முதல் சனிக்கிழமை சொன்னது அவர் காதில் "கயிறு" என்று விழுந்துவிட்டது. எங்கேயோ கயிறு திரிக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள் போல என்று இருந்துவிட்டார் மனிதர். தென்னையே இல்லாத மலையில் கயிற்றுக்கு என்ன சோலி என்று ஒரு சந்தேகம் வந்ததாம். கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வானேன் என்று வாயை மூடிக்கொண்டார். வாரங்கள் போயும் ஒரு முழம் கயிறுகூட வீடு வந்து சேரவில்லையே என்று ஒருநாள் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "பாட்டா? உன் குரலுக்கா?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்குக் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஜோதிமணி தோட்டத்தின் இந்தக் கோடியில் நின்று பேசினால் அந்தக் கோடியில் இருப்பவர்கள் ஆம்பளை யாரோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள். அத்தனை கனத்த குரல். ஆனால் கொடைக்கானல் சுவாமிநாதன் சாருக்கு வேண்டியது அந்தக் குரல்தான். அவர் வெளிநாட்டில் சங்கீதம் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். ஏரிக்கு மேலே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நூறு பேருக்கு மேல் கூட்டி வைத்துப் பாட வைப்பார். டீச்சர்கள், நர்ஸ்கள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள், வட்டக்கானல் விடுதிகளில் மெத்தை விரிக்கிற பெண்கள், கேரட் கழுவப் போகிறவர்கள் என்று எல்லோரும் உண்டு. யார் எந்தச் சாமி கும்பிட்டால் அவருக்கென்ன? குரல் இருக்க வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். அவ்வளவுதான்.

ஆள் பிடிக்க அவர் ஜீப்பில் மேல்மலைக் கிராமங்களுக்கெல்லாம் போனார். மன்னவனூர் பள்ளிக்கூட வாசலில் ஜோதிமணியை நிற்க வைத்து "ஆ" சொல்லச் சொன்னார். சொன்னாள். "இன்னும் கீழே போங்க" என்றார். போனாள். "இன்னும் கொஞ்சம்" என்றார். அதற்கும் போனாள். குரல் போகிற மட்டும் பார்த்துவிட்டு, "அசல் செகண்ட் ஆல்டோ" என்று பூரித்துப் போய்ச் சொன்னார். அது பட்டமா திட்டா என்று அவளுக்கு அன்று விளங்கவில்லை.

போகப் போக விளங்கியது. பெண்குரல்களில் மேலே பாடுகிறவர்கள் சோப்ரானோ. அவர்களுக்குக் கீழே ஆல்டோ. அதிலும் அடித்தட்டு செகண்ட் ஆல்டோ. பாட்டில் இனிப்பாக இருக்கிறதெல்லாம் சோப்ரானோவுக்குப் போய்விடும். வீட்டைத் தாங்கி நிற்கிற அஸ்திவாரத்தை விருந்தாளி யார் பார்த்துப் பாராட்டுகிறார்கள்? அந்தக் கதைதான் இவர்களுக்கும். ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், நின்றது யாருக்கும் தெரியாது.

ஆனால் அந்த வருஷம் எடுத்துக்கொண்ட பாட்டில் ஒரே ஓர் இடம் இருந்தது. லத்தீன் பாஷையில் ஒரு மணி நேரம் ஓடுகிற பாட்டு அது. வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் படித்தார்கள். கீழே சமவெளியிலிருந்து வயலின்காரர்கள், கொம்பு ஊதுகிறவர்கள், முரசு அடிக்கிறவர்கள் என்று பெரிய வாத்தியக் கோஷ்டியே மலையேறி வந்து கூட வாசிக்கப் போகிறது. முடிவை நெருங்கும்போது வாத்தியம் அத்தனையும் நின்றுவிடும். ஆண்கள் நிறுத்திவிடுவார்கள், சோப்ரானோக்களும் நிறுத்திவிடுவார்கள். செகண்ட் ஆல்டோ மட்டும் கடைசிப் படியில் இறங்கி நின்று, ஒரு நீண்ட "ஆ"வைத் தனியே பிடித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் வயலின்கள் மெல்ல ஏறும். பிறகு கொம்பு ஊதும். பிறகு நூறு குரலும் வாத்தியமும் ஒன்றாக எழும். இவர்கள் பிடித்த சுரம் நடுவில் அறுந்தால் வயலின்களுக்குக் கால் வைக்க இடமில்லை.

முதல் தடவை அந்த இடத்தைச் சொல்லிக்கொடுத்தபோது சார் ஆள்காட்டி விரலை ஆட்டி எச்சரித்தார்: "இங்க யாரும் மூச்சு விடக்கூடாது."

ஆகட்டும் என்றார்கள் எல்லோரும். அந்த இடம் வந்தது. சார் கையைத் தூக்கினார். செகண்ட் ஆல்டோ வரிசை அத்தனையும் கப்சிப். ஈ பறந்தால் கேட்கும். சார் தாளைப் புரட்டிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஏன் பாடவில்லை என்று கேட்டார். வட்டக்கானல் விடுதியில் வேலை பார்க்கிற ரம்யாதான் தைரியமாக வாயைத் திறந்தாள். "நீங்கதான சார் மூச்சு விடக்கூடாதுன்னீங்க? அதான் யாரும் மூச்சு விடலை."

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. சாரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு விளக்கமாகச் சொன்னார். அவ்வளவு நேரம் ஒரு ஆளால் மூச்சை அடக்கிப் பாட முடியாது. முடியவும் வேண்டாம். ஒருவர் மூச்செடுக்கும்போது பக்கத்து ஆள் பாடிக்கொண்டிருக்க வேண்டும். அவர் எடுக்கும்போது இவர் பாட வேண்டும். இப்படி மாற்றி மாற்றிச் செய்தால் கேட்கிறவர்களுக்குச் சத்தம் அறுபடாது, ஒரே ஆள் மூச்சே விடாமல் பாடுவது போல இருக்கும். ஆகவே யார் எங்கே மூச்சு விடுவது என்று பக்கத்தில் நிற்பவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பேசி வைத்துக்கொள்வதாம். அங்கேதான் வந்தது வினை. ஜோதிமணியின் பக்கத்தில் நின்றவள் பேத்துப்பாறை சிவபாக்கியம். ஜோதிமணியின் கூடப்பிறந்த அண்ணன் திருமலைச்சாமியின் பெண்டாட்டி. இருவருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போய் வருஷக்கணக்கில் ஆகிறது.

காரணம் ஜோதிமணியின் மகள் தமிழ்மதியின் கல்யாணம். முதல் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு எடுத்துக்கொண்டு தாய்மாமன் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். அதுதான் முறை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. பிடுங்கிய பூண்டு வீடு முழுக்கக் காயாமல் கிடந்தது. ஜோதிமணி பத்திரிகையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அண்ணனுக்கு அனுப்பிவிட்டு, போனிலும் கூப்பிட்டுச் சொன்னாள். அண்ணன் "சரி தாயி" என்றுதான் சொன்னார். சிவபாக்கியத்துக்குத்தான் பொறுக்கவில்லை. பொறந்த வீட்டுக்கே வாட்ஸ்அப்புலயா பத்திரிகை வைக்கிறது, போட்டோ புடிச்சு அனுப்ப நாங்க என்ன விதை கம்பெனியா என்று கேட்டாளாம். கல்யாணத்துக்கு அண்ணன் சீர்த்தட்டோடு தனியாக வந்து நின்றார். "மதினி எங்கே, மதினி எங்கே" என்று பந்தியில் ஆளாளுக்குக் கேட்டார்கள். ஜோதிமணிக்கு நெஞ்சு வெந்துபோனது. அவளாக வந்து பேசாமல் இனி அவளிடம் நான் மூச்சு விட மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னவள்தான். பிறந்த வீட்டு வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. சிவபாக்கியமும் லேசுப்பட்டவள் இல்லை. விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரே குடும்பத்தில் வாய்த்திருந்தார்கள்.

இந்த லட்சணத்தில், சார் குரலைப் பார்த்து ஆளை நிறுத்தியபோது இருவரும் தோளோடு தோள் வந்து நின்றார்கள். வேறு இடம் கேட்கலாமா என்று ஜோதிமணி யோசித்தாள். கேட்டால், பயந்து ஓடிவிட்டாள் என்று அவள் நினைப்பாளே. அவள் கேட்கட்டும் என்று இவள் இருந்தாள். அவளும் அப்படியே இருந்திருப்பாள்.

அந்த இடம் வந்தது. வரிசையில் மற்றவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் அந்தக் கடைசிப் படிச் சுரம் அவர்களுக்கு முனகலாகத்தான் வரும். முழுசாக வருவது இந்த இரண்டு பேருக்கு மட்டும். இரண்டு பேரும் பாடிக்கொண்டே கடைக்கண்ணால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் மூச்சு விடுகிறவள் தோற்றவள் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் இருவருக்கும் தெரிந்திருந்தது. ஜோதிமணிக்குக் காது அடைத்தது. சிவபாக்கியத்துக்கு முகம் சிவந்து கருத்தது. கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஹாவென்று வாயைப் பிளந்தார்கள், சுரம் பொத்தென்று விழுந்தது.

"ஒரு ஓட்டை விழுதே" என்றார் சார். மறுபடி பாடச் சொன்னார். மறுபடியும் ஓட்டை. அடுத்த சனிக்கிழமையும் ஓட்டை. அதற்கடுத்த சனிக்கிழமை அவர் சத்தம் போடவில்லை, சாந்தமாகவே சொன்னார். அடுத்த வாரம் கச்சேரி. அன்று காலை ஒத்திகையிலும் இப்படியே இருந்தால் அந்த இடத்தைச் செல்லோ என்கிற பெரிய வயலினுக்குக் கொடுத்துவிடுவேன், செகண்ட் ஆல்டோ அங்கே சும்மா நிற்கட்டும் என்றார்.

வரிசை முழுக்க இவர்கள் பக்கம் திரும்பியது. ஒரு மணி நேரப் பாட்டில் நம்முடையது என்று சொல்ல இருந்தது அந்த ஓர் இடம். அதையும் வாத்தியத்துக்குத் தாரை வார்க்கப் போகிறீர்களா என்று அத்தனை கண்ணும் கேட்டன. ஜோதிமணி அன்று பஸ்ஸில் மன்னவனூர் போய்ச் சேரும்வரை இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த இடம் வேண்டும். வாழ்க்கையில் எல்லோரும் கேலி செய்த குரலை, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்கப் போகிற இடம் அது. அதை விட அவளுக்கு மனசில்லை.

நடுவே ரம்யா தூது போனாள், பாவம். போனில் ஜோதிமணியைக் கூப்பிட்டு, நீங்கள் எங்கே விடுகிறீர்கள் என்று சொல்லுங்கள், நான் அவர்களிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள். முதலில் அவர்கள் சொல்லட்டும் என்றாள் ஜோதிமணி. ரம்யா பேத்துப்பாறைக்குப் போன் போட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள்.

"அக்கா, அவங்க சொன்னத அப்படியே சொல்றேன், என்னைய வையாதீங்க. 'முதல்ல யாரு மூச்சு விடணுமோ அவளே விடட்டும்'ங்கிறாங்க."

ரம்யாவுக்கு இது பாட்டுச் சமாச்சாரம். ஜோதிமணிக்கா தெரியாது, மதினி எந்த மூச்சைச் சொல்கிறாள் என்று? சுருக்கென்றது. போனை வைத்துவிட்டுப் பூண்டுத் தாள் அறுக்க உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்கக் கை அறுத்தது, வாய் "ஆ"வைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தது. ஒரு கட்டத்தில் அலுத்துப்போனது. யார் முதலில் பேசுவது என்பது அப்படியே கெடக்கட்டும். பாட்டில் விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? வயலின் ஏறுவதற்கு முன்னாலேயே, அவள் பார்க்கப் பார்க்க, நானே முதலில் மூச்சு விட்டுத் தொலைக்கிறேன் என்று முடிவு கட்டினாள். நல்லசாமியிடம்கூடச் சொல்லவில்லை.

கச்சேரி நாள் வெள்ளனே கிளம்பி முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். மண்டபம் நிறைய வாத்தியக்காரர்கள். குளிருக்குப் பழகாதவர்கள் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒத்திகை தொடங்கியது. அத்தனை வாத்தியத்தோடு பாடும்போது உள்ளங்காலில் பலகை அதிர்ந்தது. இப்படி ஒன்றில் நாமும் இருக்கிறோமே என்று ஜோதிமணிக்குப் பெருமையாகவே இருந்தது.

அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றன. இரண்டு பேரும் சுரத்தைப் பிடித்தார்கள். தீர்மானித்தபடி, இன்னும் மூச்சு மிச்சம் இருக்கும்போதே, ஜோதிமணி வாயைத் திறந்து காற்றை இழுத்தாள்.

பக்கத்தில் அதே நேரத்தில் சிவபாக்கியமும் இழுத்தாள்.

சுரம் விழுந்தது. சார் கையை இறக்கிவிட்டு நின்றார். போன வாரம் கடைசியில் இருந்த ஓட்டை இப்போது முன்னால் வந்திருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். செல்லோக்காரர் வில்லை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். டீ குடித்துவிட்டு வாருங்கள், கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்றார் சார்.

ஜோதிமணி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மற்றவர்களுக்கு அது பழைய ஓட்டை. அவளுக்கு மட்டும் அதில் நடந்தது என்னவென்று தெரிந்தது. அவளும் விட்டுக்கொடுத்துவிட்டாள்! அத்தனை வீம்பு பிடித்தவள், வாரம் முழுக்க இதையே யோசித்து, இதே முடிவுக்கு வந்து, இவளைப் போலவே யாரிடமும் சொல்லாமல் வந்து நின்றிருக்கிறாள். அதை நினைக்க ஜோதிமணிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் பிடிவாதமாக இருந்தாலும் ஓட்டை. இரண்டு பேரும் வாய் திறக்காமல் விட்டுக்கொடுத்தாலும் ஓட்டை. பேசாமல் இதை அடைக்க வழியே இல்லை.

டீ கேனுக்குப் பக்கத்தில் சிவபாக்கியம் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள். ஜோதிமணி நேரே அவளிடம் போனாள். ரம்யா கடித்த பன்னை மெல்லாமல் பார்த்தாள்.

"மதினி" என்றாள் ஜோதிமணி. "வயலின் ஏறயில நான் மூச்சு விடுறேன். கொம்பு ஊதயில நீங்க விடுங்க."

சிவபாக்கியம் தம்ளரில் இருந்ததைக் குடித்து முடித்தாள். "சரி" என்றாள். ஜோதிமணியும் நிற்கவில்லை, வந்துவிட்டாள்.

கடைசி முயற்சியில் ஓட்டை விழவில்லை. சார் அதற்காக ஒரு வார்த்தை பாராட்டுவார் என்று பார்த்தால், தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். செல்லோக்காரர் வில்லை மடியில் வைத்துக்கொண்டார். இதுக்குத்தானா இத்தனை பாடு என்று ஜோதிமணிக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

கச்சேரி மத்தியானத்துக்கு மேல் தொடங்கியது. மேல்மலைக்குப் போகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே, அதனால் அப்படி ஏற்பாடு. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் நீலச் சேலை. நாற்காலிகள் நிறைந்து சுவரோரத்திலும் ஆட்கள் நின்றார்கள். நல்லசாமி மஃப்டி போலீஸ் மாதிரி விறைப்பாகப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி திருமலைச்சாமி இருப்பதை ஜோதிமணி மேடையிலிருந்தே பார்த்துவிட்டாள். மைத்துனர்கள் இருவரும் எப்போதும்போலச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆம்பளைகளுக்கு என்ன வந்தது?

பாட்டு தொடங்கி, ஏறி, இறங்கி, ஒரு மணி நேரம் போனதே தெரியாமல் அந்த இடத்துக்கு வந்து நின்றது. வாத்தியங்கள் அடங்கின. சார் இவர்கள் பக்கம் திரும்பிக் கையை மெதுவாக இறக்கினார். ஜோதிமணி பாடினாள். பக்கத்தில் சிவபாக்கியமும் பாடினாள். எது யார் குரல் என்று அவர்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாது. அப்படி ஒட்டியிருந்தது. மண்டபத்தில் யாரும் அசையவில்லை. வயலின்கள் ஏறத் தொடங்கின. பேசி வைத்தபடி ஜோதிமணி மூச்செடுக்க நிறுத்தினாள்.

சுரம் நிற்கவில்லை. தன் குரல் விலகிய இடத்தில் மதினியின் குரல் மட்டும் தனியே ஓடிக்கொண்டிருந்ததை ஜோதிமணி கேட்டாள். எத்தனை வருஷம் ஆயிற்று அந்தக் குரலை இப்படிக் காது கொடுத்துக் கேட்டு! ஜோதிமணி பள்ளிக்கூடம் போகிற வயதில் கல்யாணமாகி வந்தவள் சிவபாக்கியம். தினமும் காலையில் இவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு, "வெரசா போ, ஜோதி" என்று வாசல்வரை வந்து சொன்ன குரல் இது. அந்த வாசலுக்குத்தான் தன்னால் போக முடியாமல் இருக்கிறது. மூச்சு எடுத்தாயிற்று, வாயும் திறந்திருக்கிறது, சத்தம்தான் வரவில்லை. கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

கொம்பு ஊதியது. சிவபாக்கியம் மூச்சு விட வேண்டிய இடம்.

அவள் கடைக்கண்ணால் பார்த்தாள். இவள் இன்னும் திரும்பி வரவில்லை என்று தெரிந்துகொண்டாள். மூச்சு விடவில்லை. பிடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, சுரம் மட்டும் நூல் பிசகவில்லை. இந்தத் தடவை அவள் யாரையும் ஜெயிப்பதற்காகப் பிடிக்கவில்லை. இவளுடைய பங்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாரின் இரண்டு கையும் மேலே போயின. நூறு குரலும் முரசும் கொம்பும் ஒன்றாக எழுந்தன. அந்த இரைச்சலுக்குள் சிவபாக்கியம் காற்றை வாரி இழுத்தாள். இழுத்த மூச்சை முதலில் பாட்டுக்குச் செலவழிக்கவில்லை. தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு இந்தப் பக்கம் சாய்ந்தாள்.

"அழணும்னா வீட்டுக்கு வந்து அழு, ஜோதி. இப்பப் பாடு."

ஜோதிமணி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த வரியில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.